சோபாத் தூசியும் நுரையீரலும்

கேள்வி: எங்கள் வீட்டு ஃபோம் சோபா பழையது. உறையைக் கழற்றினால் மஞ்சள் பொடி உதிர்கிறது. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு வீசிங் உண்டு. தீப்பிடிக்காமல் இருப்பதற்காக ஃபோமில் சேர்க்கும் ரசாயனம் தூசியில் கலந்து நுரையீரல் செல்களைக் கெடுக்கும் என்று படித்தேன். அவனுடைய இளைப்புக்கு இதுதான் காரணமா?
– வாசகி, வில்லாபுரம், மதுரை.

பதில்: இதுதான் காரணம் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. ஆனால் நீங்கள் படித்தது கட்டுக்கதையும் அல்ல.

சோபாவில் வைக்கும் பாலியூரித்தேன் ஃபோம் சட்டென்று தீப்பற்றக்கூடியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 1975-இல் கொண்டுவந்த விதிக்குப் பிறகு, சோபாக்களின் ஃபோமில் தீத்தடுப்பு ரசாயனம் சேர்ப்பது வழக்கமாயிற்று. அவற்றில் பேர்போனவை புரோமின் கொண்ட பி.பி.டி.இ. வகைகள். இவை ஃபோமோடு வேதிப்பிணைப்பு கொள்ளாமல் வெறுமனே கலந்து கிடப்பதால், ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து தரையிலும் அலமாரி மேலும் படியும் தூசியோடு ஒட்டிக்கொள்கின்றன. டி.வி., கம்ப்யூட்டர் ஆகியவற்றின் பிளாஸ்டிக் உறைகளிலிருந்தும் இதே போல வெளிவருகின்றன. எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களைத் தடுப்பதற்கான பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, பி.பி.டி.இ.-களில் இரு கலவைகளை 2009-இலும், டெகா என்ற இன்னொரு வகையை 2017-இலும் தடைப்பட்டியலில் சேர்த்தது. முதல் இரண்டுக்கு இந்தியா 2020-இல் ஒப்புதல் அளித்தது. அவற்றின் இடத்துக்குப் பாஸ்பரஸ் கொண்ட தீத்தடுப்பான்கள் வந்தன. அவையும் இப்போது வீட்டுத் தூசியில் தாராளமாகக் கிடைக்கின்றன என்பதால், ஒன்றை விலக்கி இன்னொன்றைக் கொண்டுவந்ததில் நமக்குப் பெரிய லாபம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மனித மூச்சுக்குழாய்ச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவற்றின் மேல் இந்த ரசாயனங்களைச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். செல்லுக்குள் ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளின் பெருக்கம், கூடுகிறது. வெள்ளணுக்களை அந்த இடத்துக்கு வரவழைக்கும் இன்டர்லூக்கின்-8 என்ற அழற்சிப் புரதம் அதிகம் சுரக்கிறது. சளிப் புரதமும் பெருகுகிறது. அளவு ஏறினால் டி.என்.ஏ. சேதமும் செல் இறப்பும் நேர்கின்றன. ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயிலும் அழற்சியும் சளியும்தான் தொல்லை என்பதால், ஆய்வாளர்கள் இதைக் கவனித்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் தட்டில் வளரும் செல்லுக்கு, உடம்பிலுள்ள செல்லுக்கு இருக்கும் காவல் முழுமையாகக் கிடையாது. நம் மூச்சுக்குழாயில் சளிப்படலம் தூசியைப் பிடித்துக்கொள்ள, நுண்மயிர்கள் அதை மேலே தள்ள, உள்ளே நுழைந்துவிட்டதை விழுங்கும் செல்களும் காத்திருக்கின்றன. ஆய்வகத்தில் செலுத்தும் அளவும் பெரும்பாலும் வீட்டில் ஒருவர் சுவாசிப்பதைவிட மிக அதிகம். தவிர, 10 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களில் பெரும்பாலானவை மூக்கிலும் தொண்டையிலுமே நின்றுவிடும். காற்றுப்பைகள் வரை போகக்கூடியவை ஏறக்குறைய 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவானவை. ஆகவே குழந்தைகளுக்கு இந்த ரசாயனம் போய்ச் சேரும் முக்கிய வழி மூச்சு அல்ல, வாய்தான்: தரையில் விளையாடிய கையைக் கழுவாமல் முறுக்கை எடுத்துத் தின்பது. மனிதர்களிடம் செய்த ஆய்வுகளிலும், பி.பி.டி.இ. தைராய்டையும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் பாதிப்பதற்கான சான்றுகளே நுரையீரல் பாதிப்புக்கான சான்றுகளைவிட வலுவாக உள்ளன.

மகனின் இளைப்புக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியவை தூசிப்பூச்சி, கரப்பான், கொசுவத்திச் சுருள், வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை ஆகியவை. மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம். அதோடு, பொடியாக உதிரும் ஃபோமை மாற்றிவிடுங்கள். ரசாயனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பொடி மூச்சுக்குழாயை உறுத்தும். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பும் என்பதால் ஈரத்துணியால் துடைப்பதே மேல். போடிப் பக்கத்து இலவம்பஞ்சுக்கு மாறலாமே என்று சிலர் யோசிப்பார்கள். அதில் இந்த ரசாயனத் தொல்லை இல்லைதான், ஆனால் அதன் மெல்லிய இழைகளும் அதில் குடியேறும் தூசிப்பூச்சியும் வீசிங் உள்ள பிள்ளைக்கு உகந்தவை அல்ல.

கேள்வி: நான் கார், ஆட்டோ சீட்டுகளுக்குக் குஷன் மாற்றும் கடை வைத்திருக்கிறேன். பழைய ஃபோமைப் பிய்க்கும்போது இருமல் வருகிறது. எங்களுக்கு ஆபத்து அதிகமா?
– வாசகர், செல்லூர்.

பதில்: வீட்டில் இருப்பவரைவிட உங்களுக்கு அதிகம் என்றுதான் சொல்ல வேண்டும். வாகன இருக்கைகளுக்குத் தீப்பற்றும் தன்மை குறித்த தரவிதிகள் இருப்பதால், அந்த ஃபோமில் தீத்தடுப்பான் இருக்க வாய்ப்பு கூடுதல். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட குழு 101 கார்களை ஆராய்ந்து 2024-இல் வெளியிட்ட முடிவின்படி, 99 சதவீதக் கார்களின் உட்காற்றில் டி.சி.ஐ.பி.பி. என்ற பாஸ்பரஸ் வகைத் தீத்தடுப்பான் இருந்தது. வெயில் காலத்தில் அளவு இன்னும் ஏறியது. மதுரைச் சித்திரை வெயிலில் நாள் முழுக்க நின்ற காரின் கதவை, வேலை தொடங்குவதற்கு முன் சற்று நேரம் திறந்து வையுங்கள். பிய்க்கும் வேலையை வெளிக்காற்றில் செய்யுங்கள். கைக்குட்டை கட்டுவதால் பயன் குறைவு. என்-95 முகக்கவசம் வேண்டும். பொடியை கம்ப்ரசர் காற்றால் ஊதித் தள்ளும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள், ஏனெனில் உள்ளே ஆழமாகப் போகும் நுண்துகளை அதுதான் கடை முழுக்கப் பரப்புகிறது. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இருமல் நீடித்தால் நெஞ்சு நோய் மருத்துவரிடம் நுரையீரல் செயல்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கழித்துப்போட்ட ஃபோம் மெத்தையையும் உடைந்த டி.வி. பெட்டியையும் கண்மாய்க் கரையில் எரித்துவிடலாமா?
– வாசகர், திருமங்கலம்.

பதில்: கூடவே கூடாது. ஃபோம் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கிளம்பும். புரோமின் கலந்த பிளாஸ்டிக் திறந்தவெளியில் புகைந்து எரிந்தால் டையாக்சின் வகை நச்சுகளும் உண்டாகும். சோபாவில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் படும் பாதிப்பைவிட, அந்தப் புகையருகே நிற்கும் கொஞ்ச நேரத்தைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். டி.வி.யை மின்னணுக் கழிவு வாங்குவதற்குப் பதிவுபெற்றவர்களிடமும், மெத்தையை நகராட்சிக் குப்பை வண்டியிலும் சேர்த்துவிடுங்கள்.