யூதப் புத்தாண்டு விருந்துக்கு என்ன கொண்டுபோவது?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் ரோஷ் ஹஷானா இரவு விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. நாங்கள் சைவம். மேசையில் மீன் தலை வைப்பார்களாமே, அதனால் தயக்கம். பால்கோவா செய்து கொண்டுபோகலாமா? எப்படி வாழ்த்துவது?
– ஒரு வாசகி

பதில்: அவசியம் போங்கள். ஜனவரி முதல் தேதி கொண்டாட்டம் மாதிரி இருக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். இது கடவுள் மனிதர்களைத் தீர்ப்புக்கு நிறுத்தும் நாள் என்பது அவர்கள் நம்பிக்கை. பத்தாம் நாள் யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு நாள், முழு உபவாசம். அதற்குள் யாருக்குத் தப்பு செய்தார்களோ அவர்களிடமே நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஏனென்றால் சக மனிதருக்குச் செய்த பிழையை அவரைச் சமாதானப்படுத்தாமல் யோம் கிப்பூர்கூடப் போக்காது என்கிறது அவர்கள் மரபு. இந்தப் பண்டிகையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஜெப ஆலயத்தில் ஷோஃபார் என்ற ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவதும் தூங்குகிற மனசை எழுப்பத்தான் என்று யூத அறிஞர் மைமோனிடிஸ் 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார்.

சரி, சாப்பாடு. ஆப்பிளைத் தேனில் தொட்டுத் தருவார்கள், வரும் வருஷம் இனிப்பாக இருக்கட்டும் என்று. மாதுளை முத்துக்களைப் போல நற்செயல்கள் பெருகட்டும் என்றும் வேண்டுவார்கள். மீன் தலை எல்லா வீட்டிலும் இருக்காது. 'வாலாக அல்ல, தலையாக இருப்போம்' என்ற வேண்டுதலுக்காக வைப்பது, சில வீடுகளில் அதற்குப் பதில் முட்டைக்கோஸ்கூட வைப்பார்கள். நீங்கள் மீனைத் தொட வேண்டியதில்லை, சைவம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் வட்டமாகச் சுடும் ஹலா ரொட்டியில் பெரும்பாலும் முட்டை இருக்கும், கேட்டுக்கொண்டு எடுங்கள்.

பால்கோவா வேண்டாம். கோஷர் என்ற யூத உணவு விதிப்படி நடக்கும் வீடு என்றால் நம் அடுக்களையில் செய்ததை அவர்களால் சாப்பிட முடியாது, அதோடு கறி விருந்தில் பால் பண்டமே சேர்க்க மாட்டார்கள். கோஷர் முத்திரை உள்ள தேன் பாட்டில் வாங்குங்கள், ரொம்பப் பொருத்தம். பூ என்றால் ஜாடியோடு, சூரியன் மறைந்து பண்டிகை தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

வாழ்த்துக்கு 'ஷானா தோவா' (நல்ல வருஷம்) போதும். அப்புறம், ஆசாரமான குடும்பம் என்றால் பண்டிகை நாளில் போனையே தொட மாட்டார்கள், அதனால் போட்டோ எடுக்கலாமா என்று அங்கே போய்க் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம்.