நீட் தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது: இயற்பியலா, வேதியியலா?

இரண்டிலும் 45 கேள்விகள், 180 மதிப்பெண்கள்தான். ஆனால் ஒரு மாதத்தில் மதிப்பெண்ணை ஏற்ற வேதியியல்தான் சுலபம். கனிம வேதியியல் கேள்விகள் பெரும்பாலும் என்சிஇஆர்டி பாடநூலை ஒட்டியே வரும். டி-தொகுதித் தனிமங்கள், அணைவுச் சேர்மங்கள் இரண்டையும் வரி விடாமல் படியுங்கள். அங்கே மிச்சமாகும் நேரம் தேர்வறையில் இயற்பியல் கணக்குகளுக்கு உதவும். 2025 விதிப்படி, மொத்த மதிப்பெண் சமமானால் உயிரியலுக்கு அடுத்து வேதியியலைத்தான் பார்ப்பார்கள்.

அதற்காக இயற்பியலைக் கைகழுவிவிடாதீர்கள். சுழற்சி இயக்கம் இதுவரை பிடிபடவில்லையா, சரி, விட்டுத்தள்ளுங்கள். குறைகடத்தி, ஒளிமின் விளைவு போன்றவை சீக்கிரம் முடியும். கால்குலேட்டர் வேறு கிடையாது. 1240-ஐ நானோமீட்டர் அலைநீளத்தால் வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் வந்துவிடும். அப்புறம், குருட்டாம்போக்கில் விடை போடாதீர்கள், தவறினால் ஒரு மதிப்பெண் போய்விடும்.