தீயணைப்ப தனியாருக்கு விட்டா வரி குறையுமா?

கேள்வி: ஊர்ல தீயணைப்பு வேலைய தனியார் கம்பெனிக்கு கான்ட்ராக்ட் விட்டா வரி குறையுமா? வண்டி லேட்டா வந்தா யார கேக்குறது?

பதில்: வரி தானா குறையாதுங்க, அதே பணம் கான்ட்ராக்ட் பில்லா போகும். கேக்க வேண்டியது நகராட்சியத்தான், ஆனா எத்தன நிமிஷத்துல வண்டி வரணும், வரலன்னா எவ்ளோ அபராதம், ரெக்கார்ட ஜனங்க பாக்கலாமா, இதெல்லாம் கான்ட்ராக்ட்லயே எழுதலன்னா கவுன்சிலர் கத்துனாலும் எடுபடாது. அமெரிக்காவுல அரிசோனா பக்கம் ஸ்காட்ஸ்டேல்னு ஒரு ஊரு, 1950கள்லேர்ந்து ரூரல் மெட்ரோங்குற கம்பெனிதான் அங்க தீயணைச்சுது, அது விலகப்போறேன்னதும் 2005ல ஊரே சொந்தமா டிபார்ட்மென்ட் ஆரம்பிக்க வேண்டியதாச்சு. அதனால வண்டி, ஸ்டேஷன்லாம் யார் பேர்ல இருக்குன்னு கையெழுத்துக்கு முன்னாடியே கேளுங்க, ப்ளீஸ்.