டைட்டானிக் ‘கரை’ சேரவில்லை: எண்களை நான் நினைவில் வைக்கும் முறை

கேள்வி: ஆண்டுகள், உயரங்கள், கைபேசி எண்கள் எதுவும் மனதில் நிற்பதில்லை. ஞாபக உத்திகள் நிஜமாகவே பயன்படுமா?

பயன்படும். ஆனால் உத்தி உங்கள் மொழியில் இருக்க வேண்டும், முடிந்தவரை நீங்களே செய்ததாகவும் இருக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

ஓர் இரவு வெளியூரில் என் கைபேசி அணைந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் தன்னுடையதை நீட்டி, ‘பேசிக்கோங்க’ என்றார். தங்கையின் எண்ணை அழுத்தத் தொடங்கினேன். முதல் மூன்று இலக்கத்துக்கு மேல் வரவில்லை. தினமும் கூப்பிடுகிற எண் அது. அவர் காத்துக்கொண்டு நிற்கிறார், என் விரல் திரைக்கு மேலேயே நிற்கிறது. அன்றைக்குத்தான் இதைத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் கிடைத்தது ஆங்கில ஒலிமுறை. ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஓர் ஆங்கில மெய்யொலி. அவற்றைச் சேர்த்துச் சொல் செய்ய வேண்டும். சிந்திப்பது தமிழில், சொல் தேடுவது ஆங்கிலத்தில் என்று ஆனதால் ஒரு மாதத்துக்கு மேல் என்னால் அதைத் தொடர முடியவில்லை.

அப்புறம் கடபயாதி முறை, எழுத்துகளுக்கு எண் மதிப்புக் கொடுக்கும் பழைய ஏற்பாடு. கர்நாடக இசை கற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும். 72 மேளகர்த்தா ராகங்களின் (தாய் ராகங்கள், சுருக்கமாக மேளம்) பெயர்களில் முதல் இரண்டு எழுத்திலேயே அவற்றின் வரிசை எண் ஒளிந்திருக்கிறது. மாயாமாளவகௌளையில் ‘மா’வுக்கு 5, ‘யா’வுக்கு 1, திருப்பிப் போட்டால் 15, அது 15ஆவது மேளம். அருமையான ஏற்பாடு. ஆனால் அது சமஸ்கிருத எழுத்துகளுக்குச் செய்தது. அங்கே நான்கு ககரங்களுக்கு நான்கு மதிப்பு. நமக்கு ஒரே ‘க’. கரஹரப்பிரியா 22ஆவது மேளம், தமிழில் எழுதியதை வைத்துக் கணக்குப் போட்டால் 21 என்று வரும்.

சரி, நமக்கு ஏற்ற மாதிரி ஒன்று செய்துகொள்வோம் என்று உட்கார்ந்தேன். எண்களின் தமிழ்ப் பெயர்களிலிருந்தே எழுத்தை எடுத்தேன். இரண்டுக்கு ர (ற-வும் அதே), மூன்றுக்கு ம, நான்குக்கு ந (ன, ண-வும்), ஐந்துக்கு த, ஏழுக்கு ழ (ல, ள-வும்), எட்டுக்கு ட, ஒன்பதுக்கு ப. ஒன்றுக்கு க, ஏனென்றால் பழைய தமிழ் எண் ௧ அப்படியே க போலத்தான் இருக்கும். ஆறில் உள்ள ‘ற’ இரண்டோடு மோதுகிறது. ௬ பார்க்க ‘சு’ போல இருப்பதால் அதற்கு ச. சுழியத்துக்கு வ, வட்டம் என்பதால். உயிரெழுத்துக்கும் புள்ளி வைத்த எழுத்துக்கும் மதிப்பே கிடையாது. இவ்வளவுதான் விதி.

இப்போது பாருங்கள். டைட்டானிக் மூழ்கியது 1912. நூற்றாண்டு எப்படியும் தெரியும், கடைசி இரண்டு இலக்கம் போதும்: 12, க-ர, ‘கரை’. கப்பல் கரை சேரவில்லை. பெர்லின் சுவர் 1989: ட-ப, ‘இடிப்பு’. முதல் உலகப்போர் தொடங்கியது 1914, ‘கணை’. முடிந்தது 1918, ‘கடை’, அதாவது முடிவு. நெப்டியூன் கோளைக் கண்டுபிடித்தது 1846. நெப்டியூன் ரோமானியரின் கடல் தெய்வம். கடல் என்றதும் ‘நீச்சல்’, 46.

எனக்கு மிகவும் பிடித்தது எவரெஸ்ட். 8848 மீட்டருக்குச் சற்று மேல். ட-ட-ந-ட. அரை மணி நேரம் முட்டி மோதிய பிறகு வந்தது: ‘ஓடடா, நட!’ அடிவாரத்தில் ஓட்டம், மேலே போகப் போக மூச்சு வாங்கி நடை. அன்றிலிருந்து இந்த எண் எனக்கு மறக்கவே இல்லை.

நீளமான எண்ணும் வசப்படும். பையின் (π) மதிப்பு 3.14159265. ‘முக்கண்ணன் கதுப்பை ரசித்து’ என்று சொல்லிப் பாருங்கள்: மு-க-ண 314, க-து-பை 159, ர-சி-து 265. மூன்று கண்ணுள்ள முகத்தின் கன்னம் மனதில் வந்துவிட்டால் ஒன்பது இலக்கமும் கூடவே வந்துவிடும். வெறும் எண்ணுக்கு உருவம் இல்லை, சொல்லுக்கு உண்டு. மனது உருவத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது.

பொருத்தமான சொல் கிடைக்கப் பத்து நிமிடம் போராடுகிறோமே, அந்த நேரம் வீணில்லை. அதற்குள் அந்த எண்ணைப் பல தடவை புரட்டிப் பார்த்துவிடுகிறோம். அடுத்தவர் செய்து கொடுத்த குறிப்பு அவ்வளவாக ஒட்டாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எழுதி வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து 1885இல் முடிவுகளை வெளியிட்டார். மறதி ஆரம்பத்தில்தான் வேகமாக இருக்கிறது, பிறகு மெதுவாகிறது. அதனால் அன்று இரவு ஒரு தடவை, மறுநாள், அடுத்த வாரம் என்று இடைவெளி விட்டு, பார்க்காமல் சொல்லிப் பார்ப்பேன். பார்த்துக்கொண்டே படிப்பதைவிட இது எனக்கு நன்றாகப் பலன் தருகிறது.

இந்த முறை எதற்கு உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சூத்திரம் ஏன் அப்படி வருகிறது என்பதற்குக் குறிப்பு செய்யாதீர்கள். அதைப் புரிந்துகொள்ளத்தான் வேண்டும். வரிசையாக நிற்கும் பெயர்களுக்கு எண் தேவையில்லை, முதலெழுத்துகளை ஓசையாகக் கோத்தால் போதும். வல்லினத்தை ‘கசடதபற’ என்று சின்ன வயதில் பாடியதை யாராவது மறந்திருக்கிறோமா?

முதலில் ஐந்தே ஐந்து எண்களோடு தொடங்குங்கள். எழுத்துப் பட்டியல் இரண்டு மூன்று நாளில் கைக்கு வந்துவிடும். ஏதாவது ஓர் எண் எந்தச் சொல்லுக்குள்ளும் அடங்க மறுத்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், சேர்ந்து தேடுவோம்.