கேள்வி-பதில்: புற்றுக்காளானுக்கு விதை போடுவது யார்?

கேள்வி: எங்கள் தோட்டத்து வேலியோரம் வருடா வருடம் ஒரே இடத்தில் புற்றுக்காளான் முளைக்கிறது. மண்ணோடு அள்ளி வந்து தொட்டியில் போட்டேன், ஒன்றும் வரவில்லை. வீட்டில் வளர்க்கவே முடியாதா?
- வாசகர், தென்காசி

பதில்: மண்ணைப் போட்டீர்கள் சரி, கறையானைப் போட்டீர்களா? இந்தக் காளானின் விவசாயி அதுதான். சருகையும் காய்ந்த கட்டையையும் தின்றுவிட்டு, அரைகுறையாகச் செரித்து வெளியேற்றும் எச்சத்தாலேயே தரைக்கடியில் கடற்பஞ்சு மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு கூடு கட்டுகிறது, அந்தக் கூட்டில்தான் காளானாக முளைக்கிற பூஞ்சையின் இழை ஓடுகிறது. கட்டைக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளை உடைப்பது பூஞ்சையின் வேலை. கூட்டின் மேல் குட்டி குட்டியாக வெள்ளை உருண்டைகள் அரும்பும், கறையானுக்கு அதுதான் சாப்பாடு. கறையானும் பூஞ்சையும் சேர்ந்து செய்யும் இந்த விவசாயம் சுமார் 3 கோடி ஆண்டுகளாக நடக்கிறது. நம் உழவெல்லாம் நேற்றைய கதை.

அடுத்த முறை பறிக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக மண்ணை விலக்கிப் பாருங்கள். தண்டு தரையோடு முடியாது, வால் மாதிரி மெலிந்து கூடு வரைக்கும் இறங்கும். குடையின் உச்சியில் கெட்டியாக ஒரு மூக்கு இருக்கும், மண்ணைத் துளைத்துக்கொண்டு வர வேண்டுமே! மேலே புற்றே தெரியாத இடத்திலும் முளைப்பதற்குக் காரணம், எல்லாக் கறையானும் மேடு கட்டுவதில்லை என்பதுதான்.

கறையான் இல்லாமல் இதைச் சந்தைக்கு வளர்க்கும் வழி இன்னும் வரவில்லை. கூடை வைத்து விற்கிறவர்கள் காட்டிலும் மேட்டிலும் அலைந்து பறித்ததைத்தான் விற்கிறார்கள், விலையைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். நம் பக்கத்து வகை ஒன்றுக்கு டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்று 1979-ல் பெயர் வைத்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன். புற்றுக்காளான் வகைகளெல்லாம் அடங்கிய டெர்மிட்டோமைசிஸ் பேரினத்தை 1942-ல் வரையறுத்த பிரெஞ்சுக்காரர் ரோஜர் ஹெய்மின் பெயர் அது. ஆனால் கறையானையும் காளானையும் ஒரே மூச்சில் சொன்னது நம் சிறுபாணாற்றுப்படை: ஏழையின் அடுக்களைச் சுவரைக் கறையான் அரிக்க, அந்தப் புழுதியில் காளாம்பி பூத்ததாம். அது இதே வகையா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: குழம்பில் வெள்ளிக் காசு போட்டு, கறுக்காவிட்டால் நல்ல காளான் என்கிறார் என் மாமியார். சரிதானா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், தவறு. பூச்சி கடித்திருந்தால் நல்லது என்பதும் அப்படித்தான். புல்தரையில் வரும் குளோரோபில்லம் என்ற நச்சுக்காளானுக்கும் வெள்ளைக் குடை, தண்டில் வளையம் எல்லாம் உண்டு. தின்ற ஓரிரு மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் பிடுங்கி எடுத்துவிடும். விரிந்த குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து ராத்திரி முழுக்க மூடி வையுங்கள். காலையில் தாளில் பச்சைத் தூள் விழுந்திருந்தால் குப்பைக்கு. புற்றுக்காளானின் தூள் இளஞ்சிவப்பு. இளஞ்சிவப்பு என்பதற்காக மட்டும் சட்டியில் போட்டுவிடாதீர்கள், பறித்துப் பழகியவர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்.

கேள்வி: காளானில் பெரியது எவ்வளவு பெரியது?
- வாசகர், ஈரோடு

பதில்: ஜாம்பியாவில் இதே புற்றுக்காளான் குடும்பத்தில் ஒன்று, குடையின் அகலம் 1 மீட்டர் வரை போகும். தூறலுக்குப் பிடித்துக்கொண்டே நடக்கலாம்.