குவாங்டாங் அணிக்கு எத்தனை பட்டம்? இறுதித் தொடரைப் பிடித்து எண்ணுங்கள்

கேள்வி: கல்லூரி விளையாட்டு விநாடி வினாவுக்காகச் சீனக் கூடைப்பந்து லீக்கின் குவாங்டாங் அணியைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு தயாரிக்கிறேன். ஓரிடத்தில் 8 பட்டம் என்கிறார்கள், இன்னோரிடத்தில் 11. அணியின் பெயரும் இரண்டு மூன்று விதமாக வருகிறது. கடைசியாகத் தொடர்ந்து வென்ற ஆண்டுகள் எவை என்பதிலும் பட்டியல்கள் ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது, எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: 2024–25 பருவம் முடிந்த நிலையில் 11 என்பதே சரி. ஆனால் அந்த எண்ணை மட்டும் எழுதிக்கொண்டால் பட்டியலில் இருக்கும் தவறு கண்ணில் படாது. அணி ஆடிய இறுதித் தொடர்கள் எல்லாவற்றையும், தோற்றவை உட்பட, பருவவாரியாக எழுதுங்கள். மொத்தம் 15 வரி வர வேண்டும்: 11 வெற்றி, 4 தோல்வி. கூட்டினால் 15 வரவில்லை என்றால் எங்கோ ஒரு பருவம் விட்டுப்போயிருக்கிறது அல்லது இரண்டு முறை ஏறியிருக்கிறது.

முதல் பகுதி நீளமானது. 2002–03 முதல் 2012–13 வரை ஒரு பருவம்கூட விடாமல் குவாங்டாங் இறுதிக்கு வந்தது. 2002–03-இல் பாயி ராக்கெட்ஸ் அணியிடம் 1–3 தோல்வி. அடுத்த ஆண்டு அதே பாயியை 3–1 என வென்று முதல் பட்டம். 2004–05-இல் ஜியாங்சுவை 3–2, 2005–06-இல் மறுபடி பாயியை 4–1. 2006–07-இல் பாயி 4–1 எனத் திருப்பிக் கொடுத்தது. பிறகு நான்கு பட்டம் வரிசையாக: 2007–08-இல் லியாவ்னிங்கையும், அடுத்த மூன்று பருவங்களிலும் சின்ஜியாங்கையும் வீழ்த்தியது. 2011–12-இல் பெய்ஜிங்கிடம் 1–4 தோல்வி, 2012–13-இல் ஷாண்டோங்கை 4–0 என வென்று எட்டாவது பட்டம். இங்கே ஒரு வழுக்குப் பாறை உண்டு. தொடர்ச்சியாக ஆடிய இறுதித் தொடர்களும் 11, மொத்தப் பட்டங்களும் 11. "தொடர்ந்து 11 முறை சாம்பியன்" என்று யாராவது எழுதியிருந்தால் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள் என்று பொருள்.

நீங்கள் பார்த்த 8 எங்கிருந்து வந்தது என்பதும் இதிலேயே தெரியும். 2013-க்குப் பிறகு ஆறு ஆண்டுகள் அணிக்குப் பட்டமே இல்லை. அந்த இடைவெளியில் எழுதப்பட்ட குறிப்பைத் திருத்தாமல் பிரதி எடுத்தால் 8 என்றே நிற்கும். 2016–17-இல் இறுதிக்கு வந்தும் சின்ஜியாங்கிடம் 0–4 எனத் தோற்றது. பட்டியலில் இந்த வரி விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு காரணமும் இருக்கலாம்: பாயி ராக்கெட்ஸின் பட்டங்களும் சரியாக 8. வரிசை மாறிப் பார்த்தாலும் அதே எண்தான் கிடைக்கும். பாயி ராணுவ அணி. வெளிநாட்டு வீரர்களைச் சேர்த்ததே இல்லை. 2020-இல் லீக்கை விட்டு விலகியது. 1995-இல் இந்த லீக் தொடங்குவதற்கு முந்தைய தேசியப் போட்டிகளிலும் பாயி நிறைய வென்றிருக்கிறது. அவற்றைச் சேர்த்து ஒப்பிட்டால் கணக்கு குலையும்.

கடைசி மூன்று பட்டங்களில்தான் ஆண்டுக் குழப்பம். 2018–19-இல் சின்ஜியாங்கை 4–0, 2019–20-இலும் 2020–21-இலும் லியாவ்னிங்கை 2–1. சீசன் இலையுதிர் காலத்தில் தொடங்கி அடுத்த ஆண்டில் முடிவதால், முடியும் ஆண்டை வைத்து 2019, 2020, 2021 என்பார்கள் சிலர். தொடங்கும் ஆண்டை வைப்பவர்களும் உண்டு. இரண்டு முறையையும் ஒரே தாளில் கலந்தால் மூன்று பட்டம் நான்காகிவிடும். போதாததற்குக் கொரோனாவால் 2020 பிப்ரவரியில் நின்றுபோன சீசன் ஜூனில்தான் மறுபடி தொடங்கியது. இறுதியின் மூன்றாவது ஆட்டம் ஆகஸ்ட் 15 அன்று, 123–115. அதே ஆண்டு அக்டோபரில் அடுத்த சீசனும் ஆரம்பம். எனவே "2020" என்று தனித்து எழுதாமல் எப்போதும் 2019–20 என இரட்டை ஆண்டாகவே எழுதுங்கள்.

2–1 என்பதைப் பார்த்துத் தொடர் பாதியில் நின்றுவிட்டது என நினைக்க வேண்டாம். அந்த இரண்டு பருவங்களில் மட்டும் இறுதி மூன்று ஆட்டத் தொடராகச் சுருக்கப்பட்டது, இரண்டு வென்றால் போதும். 3–1, 3–2 என வரும் பழைய தொடர்கள் ஐந்து ஆட்டக் கணக்கு, 4 வருபவை ஏழு ஆட்டக் கணக்கு.

லீக் சுற்றில் முதலிடம் பிடித்த அணியைச் சாம்பியன் என எழுதிவிடாதீர்கள். பட்டத்தை முடிவு செய்வது லீக் சுற்றுக்குப் பின் வரும் பிளே-ஆஃப் மட்டுமே. 2017–18-இல் லீக் சுற்றில் முன்னணியில் இருந்த செஜியாங் குவாங்ஷா, இறுதியில் லியாவ்னிங்கிடம் 0–4 எனத் தோற்றது.

பெயருக்கு வருவோம். ஹோங்யுவான் என்பது 1993-இல் கிளப்பைத் தொடங்கிய நிறுவனத்தின் பெயர். தென்சீனப் புலி என்பது அணியின் செல்லப்பெயர், அதுதான் ஆங்கிலத்தில் சதர்ன் டைகர்ஸ் ஆனது. மூன்றும் ஒரே அணி, ஊர் டோங்குவான். ஆனால் அதே டோங்குவானிலிருந்து 2015-இல் ஷென்ஜெனுக்குப் போன லெபர்ட்ஸ் அணி வேறு. குவாங்ஜோ அணியும் வேறு. இவை எல்லாமே குவாங்டாங் மாகாணத்தைச் சேர்ந்தவை. மகளிர் லீக்கிலும் குவாங்டாங் பெயரில் ஓர் அணி உண்டு. மாகாணப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் நான்கும் கலந்துதான் வரும்.

வீரர் குறிப்பு சேர்ப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. சீனப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும். குவாங்டாங் வீரர் யி ஜியான்லியான், ஜியான்லியான் யி இருவரும் ஒருவரே. அவருடைய பட்டங்கள் 11 அல்ல, 7. 2007-இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது ஆறாவதாக மில்வாக்கி பக்ஸ் அணி அவரை எடுத்தது. அவர் அங்கே இருந்த காலத்தில்தான் குவாங்டாங் அந்த நான்கு பட்டங்களை வரிசையாக வென்றது. அந்த நான்கையும் வென்ற அணியில் இருந்த சூ ஃபாங்யுவுக்கு 8 பட்டம். ஆனால் கடைசி மூன்று வந்தபோது அவர் ஆடுகளத்தில் இல்லை, அணியின் பொது மேலாளராக இருந்தார். விநாடி வினாவில் கேட்பதற்கு "அணிக்கு எத்தனை" என்பதைவிட "யிக்கு ஏன் 7" என்பது நல்ல கேள்வி.