கணினி கேள்வி-பதில்

கேள்வி: பைதனில் எழுதிய எங்கள் திறந்தமூல இணையச் சட்டகத்தை டெபியன் லினக்ஸ் இயங்குதளத்துக்கு டெப் பொதியாக (நிறுவல் கோப்பாக) கட்டுகிறேன். என் மடிக்கணினியில் சரியாக வருகிறது, தனிச்சூழலில் பொதி கட்டும் கருவியான எஸ்பில்டில் முறிகிறது. ஏன்?
- வாசகர், கோண்டாவில்

பதில்: உங்கள் கணினியில் முன்பே நிறுவிய நூலகங்கள் பிழையை மறைத்துவிடுகின்றன. எஸ்பில்டின் வெறுஞ்சூழலில் அடிப்படைக் கருவிகளோடு, பொதியை விவரிக்கும் கண்ட்ரோல் கோப்பின் ‘பில்ட்-டிபெண்ட்ஸ்’ (கட்டத் தேவையானவை) வரியில் நீங்கள் எழுதியவை மட்டுமே இருக்கும். பைதன் திட்டத்தைக் கட்டும் முறையைச் சொல்லும் பைபுரொஜெக்ட் கோப்பு உள்ள திட்டமென்றால், அந்த வரியில் அதைக் கையாளும் ‘பைபில்ட்-பிளகின்-பைபுரொஜெக்ட்’ இருக்கிறதா பாருங்கள். பலர் தவறவிடுவது அதைத்தான். பரிசோதனைகள் பைடெஸ்ட் கருவியில் ஓடுபவை என்றால் அதுவும் வேண்டும்.

இன்னொன்று இணையம். கட்டும்போது வலையமைப்பைத் தொடக்கூடாது என்பது டெபியன் கொள்கை. பைதன் நூலகங்களை நிறுவும் பிப் எதையாவது இறக்க முயன்றாலோ, ஒரு பரிசோதனை வெளித்தளத்தை அழைத்தாலோ அங்கேயே நிற்கும். அத்தகைய பரிசோதனைகளை மட்டும் விலக்குங்கள். எல்லாவற்றையும் அணைப்பது சோம்பேறித்தனம்.

சட்டகத்துக்குள் ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் சுருக்கப்பட்ட கோப்பு கிடக்கிறதா? மூலநிரல் இல்லாத சுருக்கக் கோப்போடு பொதி ஏற்கப்படாது. காப்பிரைட் கோப்பில் ‘ஃபைல்ஸ்-எக்ஸ்குளூடெட்’ (விலக்கும் கோப்புகள்) எழுதி அதை நீக்கி, ‘லிப்ஜேஎஸ்-ஜேகுவெரி’ பொதியைச் சார்புநிலையாக்கி, அதன் கோப்புக்கு இணைப்புக் கொடுங்கள். பதிப்பு வேறாக இருக்கலாம் என்பதால் நிர்வாகப் பக்கங்களை உலாவியில் திறந்து பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் அதே பொதிகளை இறக்கி டேட்டா தீர்கிறதென்றால், இறக்கியவற்றைச் சேமித்துவைக்கும் ‘ஆப்ட்-கேச்சர்-என்ஜி’ நிறுவி, எஸ்பில்ட் சூழலில் பொதிகளை இறக்கும் ஆப்ட் கருவிக்குப் பதிலியாக (பிராக்சி) அதன் 3142 துறையை (போர்ட்) கொடுங்கள்.